கச்சான் வீசும் மாதங்கள்

தூத்துக்குடிக் கடற்கரையில் காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து வந்தால் சோழகம், கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தால் கச்சான். கடலுக்குப் போகிறவர் விடியுமுன் வாசலில் நின்று எந்தக் கன்னத்தில் காற்றுப் படுகிறது என்று பார்ப்பார். எந்த வலை, எவ்வளவு தூரம், இன்றைக்குப் போவதா வேண்டாமா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மார்ச்சுக்கும் மேக்கும் இடையில் கடல் தணிந்து கிடக்கும் சில வாரங்களே குளிப்புக்கு வாய்த்தன. கச்சான் எழும்பித் தண்ணீர் கலங்கிவிட்டால் தோணிகள் கரையேற வேண்டியதுதான்.

முத்துக்குளிப்பை நிறுத்திய அதே காற்று இன்று தமிழ்நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. 2022 ஜூலை 9 அன்று ஒரே நாளில் மாநிலத்தின் காற்றாலைகள் சுமார் 12 கோடி யூனிட் உற்பத்தி செய்தன. அன்றைய தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அக்டோபரில் போய்ப் பாருங்கள்: கயத்தாற்றைத் தாண்டும் நெடுஞ்சாலையின் இருபுறமும் வரிசை வரிசையாக இறக்கைகள் அசையாமல் நிற்கும். விசிறிகள் ஓடும் நாளுக்கும் நிற்கும் நாளுக்கும் இடையே உள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. நிலக்கரியை விட்டுவிட விரும்பும் எந்த மாநிலமும் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

கச்சான் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்திலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மிச்சமிருக்கும் காற்று மலையின் இடைவெளிகளைத் தேடி நுழைகிறது: வடக்கே பாலக்காடு, நடுவே செங்கோட்டை, தெற்கே ஆரல்வாய்மொழி. அகலமான ஆறு குறுகிய பாலத்தின் அடியில் வேகமெடுப்பதுபோல, பரந்து வந்த காற்று கணவாயில் நெருக்குண்டு சீறி வெளியே வருகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாளில் தூத்துக்குடியில் உதடு வெடிக்கும் வறண்ட காற்று அடிக்கக் காரணம் இதுதான். அந்த வறட்சிதான் உப்பளப் பாத்திகளில் தண்ணீரை ஆவியாக்கி உப்பைப் படிய வைக்கிறது. குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளைவது இங்கே. உப்பளத் தொழிலாளிக்கும் காற்றாலைக்கும் ஒரே காற்றுதான் படியளக்கிறது.

இந்தக் காற்றை ஒருவர் பொறுமையாக அளந்து வைத்திருந்தார். பீர்மேட்டில் பிறந்து, இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய அன்னா மணி. டி. ஏ. மூலியுடன் சேர்ந்து 1983இல் அவர் வெளியிட்ட இந்தியக் காற்றுத் தரவுகள், எந்த ஊரில் எந்த மாதம் என்ன வேகம் என்று சொல்லின. வெறும் எண்கள் நிறைந்த அப்படிப்பட்ட ஒரு நூலை யாரும் விரும்பிப் படிக்கப்போவதில்லை. ஆனால் எந்த மேட்டில் கோபுரம் நட்டால் போட்ட பணம் திரும்பும் என்று அது இல்லாமல் யாருக்கும் தெரிந்திருக்காது. நம் நாட்டில் காற்று மின்சாரத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் காற்றாலையிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அந்த அளவுகளிலிருந்து தொடங்குவேன்.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகளும் தூத்துக்குடியில்தான். திருச்செந்தூர் சாலையில், உப்பளங்களுக்கு அருகே முள்ளக்காட்டில் 1986இல் அவை சுழலத் தொடங்கின. மின்தொகுப்போடு இணைந்த செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணைகள் அந்த ஆண்டு குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும்கூட அமைந்தன. அன்றைய எந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட். ஓங்கிய பனையின் உயரத்துக்கு நின்ற கோபுரம். இன்று நடப்படும் ஓர் எந்திரம் 3,000 கிலோவாட்டைத் தொடுகிறது. பழைய எந்திரங்கள் ஐம்பதுக்கும் மேல் செய்த வேலையை ஒன்றே செய்கிறது.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் இரண்டு எளிய கணக்குகள் இருக்கின்றன. இறக்கையின் நீளம் இரட்டித்தால் அது துழாவும் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். காற்றின் வேகம் இரட்டித்தால் கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். தரையருகே வீடும் மரமும் காற்றைத் தடுக்கின்றன. மேலே போகப்போக வேகம் கூடுகிறது. ஆகவேதான் உயரமும் நீளமும் கூடிக்கொண்டே போகின்றன. இந்த எட்டு மடங்குக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகச் சரியும். காற்று கொஞ்சம் தணிந்தது என்று நமக்குத் தோன்றும் பொழுதில், மின்சாரம் அநேகமாகக் காணாமலே போயிருக்கும்.

நல்ல காற்றடிக்கும் இடங்களையெல்லாம் தொடக்க காலத்துச் சிறிய எந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றிப் பெரியவற்றை நட மாநில அரசு 2024இல் ஒரு கொள்கை வெளியிட்டது. புதிதாக ஒரு ஏக்கரும் எடுக்காமல் மின்சாரத்தைப் பெருக்கும் வழி என்பதால், புதுப் பண்ணைகளைவிட இதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் எண்ணம்.

*

முள்ளக்காட்டிலிருந்து துறைமுகம் அதிகத் தூரமில்லை. அதை ஒட்டிக் கடலோரத்தில் நிற்கிறது தூத்துக்குடி அனல்மின் நிலையம். 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. முதலாவது 1979இல் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே 2015 முதல் நெய்வேலி நிறுவனமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நடத்தும் 500 மெகாவாட் அலகுகள் இரண்டு. தெற்கே உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு எழும்பியிருக்கின்றன.

பழைய நிலையத்தின் அடுப்புக்குத் தீனி வரும் வழியைப் பாருங்கள். ஒடிசாவின் தால்ச்சேர் சுரங்கத்தில் வெட்டிய கரி, ரயிலேறிப் பாராதீப் துறைமுகம் போய், அங்கே கப்பலேறி, வங்கக் கடல் நெடுகத் தெற்கே வந்து, இலங்கையைச் சுற்றித் தூத்துக்குடியில் இறங்கி, கன்வேயரில் ஊர்ந்து உள்ளே போகிறது. நேர்வழியில் வர முடியாது. பாக் நீரிணையும் ராமர் பாலமும் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாத கடல். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரி. ஐந்து அலகும் முழுவீச்சில் ஓடினால் நாளொன்றுக்கு 2.5 கோடி யூனிட், ஏறக்குறைய 17,500 டன் கரி. 50,000 டன் ஏற்றிவரும் ஒரு கப்பல் மூன்று நாள் அடுப்புக்குக்கூடக் காணாது.

எரிந்த கரியின் சாம்பல் இங்கேயே தங்குகிறது. எந்திரத்தைக் குளிர்வித்த கடல்நீர் சூடேறிக் கடலுக்கே திரும்புகிறது. கரிவளி மட்டும் எங்கோ போய், எல்லோருடைய கரியோடும் சேர்ந்து, வெப்பமாக இதே கடலுக்குத் திரும்பி வருகிறது. 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் தண்ணீர்ச் சூடு தாங்காமல் வெளுத்தன. இத்தனையும் தெரிந்தும் அந்த நிலையத்தை நாளைக்கே மூடிவிட முடியாது. ஏன் என்று புரிய, அதன் உள்ளே சுழலும் இரும்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வோர் அலகிலும் நீராவியால் தள்ளப்படும் கனத்த சுழலி நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகிறது. வினாடிக்கு 50. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் என்பது இதுதான். 2013 டிசம்பர் 31 முதல் தென்மாநில மின்தொகுப்பும் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே தாளத்தில் இணைந்தது. அன்றிலிருந்து தூத்துக்குடியின் சுழலியும் பஞ்சாபின் சுழலியும் ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள். இந்த நொடியில் நாடு முழுவதும் செலவாகும் மின்சாரமும் இந்த நொடியில் உற்பத்தியாகும் மின்சாரமும் சமமாக இருந்தால் தாளம் 50இல் நிற்கும். செலவு கூடினால் எல்லாச் சுழலிகளும் சேர்ந்து கொஞ்சம் மந்தமாகும்; குறைந்தால் கொஞ்சம் துள்ளும். 49.90க்கும் 50.05க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டுப்பாட்டு அறைகளில் சுவரில் பெரிதாக ஒளிரும் எண் அதுதான். மற்ற எதையும் பார்க்காவிட்டாலும் பணியிலிருப்பவரின் கண் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

உப்பு மூட்டை ஏற்றிய வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மாடு ஒரு கணம் தளர்ந்தாலும் வண்டி சட்டென்று நின்றுவிடாது, பாரம் அதை இழுத்துப் போகும். எங்கோ ஒரு மின்நிலையம் திடீரென நின்றுவிட்டால், சுழலும் இரும்பின் அந்தப் பாரம்தான் முதல் சில நொடிகளுக்கு மின்தொகுப்பைத் தாங்குகிறது. அதற்குள் நீராவி வால்வுகள் திறந்துவிடும். பள்ளிப் பாடத்தில் நிலைமம் என்று படித்தோமே, அதுதான். சூரியத் தகடுகளிலும் புதிய காற்றாலைகளிலும் மின்சாரம் மின்னணுக் கருவிகள் வழியாக வெளிவருகிறது. இந்தப் பாரம் அவற்றுக்கு இயல்பாகக் கிடையாது. கரி நிலையத்தை மூடும்போது அதன் யூனிட்டுகளுக்கு மட்டும் மாற்றுத் தேடினால் போதாது. அந்த நொடிகளுக்கும் மாற்றுத் தேட வேண்டும்.

தெற்கு ஆஸ்திரேலியா இதை அடிபட்டுக் கற்றது. 2016 மே மாதம் அங்கே கடைசிக் கரி நிலையம் மூடப்பட்டது. செப்டம்பர் 28 அன்று புயலில் மின்கோபுரங்கள் சாய, மின்னழுத்தம் பலமுறை தடுமாற, காற்றாலைகள் பல தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டன. மாநிலமே இருண்டது. பின்னர் விசாரித்ததில், எத்தனை தடுமாற்றத்தை எந்திரம் பொறுக்கலாம் என்று உள்ளே வைத்திருந்த ஓர் அமைப்பு வெளியே யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை என்பது வெளிவந்தது. அவர்கள் காற்றைக் கைவிடவில்லை. அமைப்பைத் திருத்தினார்கள். அடுத்த ஆண்டே 100 மெகாவாட் பேட்டரி ஒன்றை நிறுவினார்கள். தாளம் பிசகினால் ஒரு நொடிக்குள் மின்சாரம் கொடுக்கும். பிறகு எரிபொருளே இல்லாமல், பாரத்துக்காகவே சுழலும் பெரிய எந்திரங்களையும் வைத்தார்கள். ஓய்வுபெறும் அனல்மின் நிலையங்களின் மின்னாக்கிகளையே இந்த வேலைக்கு மாற்றவும் முடியும். புகைபோக்கி குளிர்ந்த பிறகும் தூத்துக்குடியின் பழைய சுழலிக்கு வேலை இருக்கக்கூடும்.

*

நமக்கும் ஓர் அடி உண்டு. 2012ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத மாதங்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு மெழுகுவத்தியில் படித்தார்கள். தொழிற்கூடங்கள் டீசல் ஜெனரேட்டருக்குக் கொட்டிக் கொடுத்தன. அதே காலத்தில், கச்சான் நன்றாக அடித்த சில வேளைகளில், காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். கேட்கவே நெஞ்சு பொறுக்காத செய்தி, ஆனால் காரணம் எளிமையானது: விளைந்த இடத்திலிருந்து தேவைப்பட்ட இடத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகப் போதிய கம்பி இல்லை.

காற்றாலையை ஒரு வருடத்துக்குள் நட்டுவிடலாம். உயரழுத்தப் பாதை போடப் பல வருடங்கள் ஆகும். நிலம், கோபுரம், வழக்கு, பயிர் இழப்பீடு என்று ஒவ்வொன்றும் இழுக்கும். திறப்பு விழாவில் காற்றாலைக்குக் கிடைக்கும் படம் கம்பிக்குக் கிடைப்பதில்லை. பின்னர் கயத்தாறு போன்ற இடங்களில் 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் வந்தன. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 6,000 மெகாவாட் கடத்தும் நேர்மின்னோட்டப் பாதையும் வந்தது. 800 கிலோவோல்ட், நீளம் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல். வடக்கிலிருந்து வாங்கவும் காற்று மிஞ்சும் நாளில் வடக்கே அனுப்பவும் அது இருவழிப் பாதை. தமிழ்நாட்டின் மின்சார மாற்றத்தில் மிக முக்கியமான பொருள் எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் கம்பி என்பேன்.

கம்பி என்றதும் தூத்துக்குடிக்கே உரிய ஒரு தொல்லை நினைவுக்கு வருகிறது. கம்பியைக் கோபுரத்திலிருந்து பிரித்துத் தொங்கவிடும் பீங்கான் வட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கடல்காற்றின் உப்பும், உப்பளத் துகளும், கரித்தூசியும் அவற்றின்மேல் மெல்லிய தோலாகப் படியும். மழையில்லாத மாதங்களில் கழுவிவிட ஆள் இல்லை. பகலில் காய்ந்து கிடக்கும்வரை கெடுதல் இல்லை. பின்னிரவில் பனி இறங்கி அந்தத் தோல் நனைந்ததும் உப்புநீர் மின்சாரத்துக்கு வழிவிடும். நின்று கேட்டால் அப்பளம் பொரிவதுபோல் ஒரு சடசடப்பு. வட்டின் விளிம்பில் ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் பொறி. அது வளர்ந்து வட்டு முழுவதையும் தாண்டினால் பாதையே துண்டிக்கும். ஒரு துளி மழையோ புயலோ இல்லாமல், நட்சத்திரம் தெளிந்த இரவில் கரண்ட் போவதன் ரகசியம் இதுதான். தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும், நீர் ஒட்டாத சிலிகோன் ரப்பர் வட்டுகளுக்கு மாறுவதும் மருந்து. நம்பகமான மின்சாரம் என்று பெரிய வார்த்தையில் சொல்வதில் பாதி இப்படிப்பட்ட கழுவும் வேலை.

மீதிப் பாதியில் வெள்ளமும் அடக்கம். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, துணை மின்நிலையங்களுக்குள் தண்ணீர் புகுந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கரியோ காற்றோ, எந்த மின்சாரமானாலும் கடைசியில் தரையில் நிற்கும் ஒரு சுவிட்ச்சின் வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். இனிமேல் கட்டும் துணை மின்நிலையங்களின் மேடை அந்த வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

*

முத்துக்குளிப்பு கண்மூடித்தனமான சூதாட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது முன்கூட்டியே கணித்து நடந்த தொழில். சிப்பி விளையும் கடலடிப் பாறைகளுக்குப் பார் என்று பெயர். குளிப்பை அறிவிக்குமுன் அரசு ஆட்களை இறக்கிப் பார்களைச் சோதிக்கும். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயது பார்த்து, முத்தை மதிப்பிட்டு, தேறும் என்றால்தான் நாள் குறிப்பார்கள். தேறாவிட்டால் ஆண்டுக்கணக்கில் குளிப்பே இருக்காது. தூத்துக்குடியின் கடைசிப் பெரிய குளிப்பு 1961இல் முடிந்தது. தானாக விளையாத முத்தை வளர்த்தெடுக்கலாம் என்று 1973இல் இதே கரையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செய்து காட்டினார்கள்.

மின்தொகுப்பும் இப்போது இப்படித்தான் முன்னறிந்து நடக்கிறது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 ஆக வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு காற்று, எவ்வளவு வெயில், எவ்வளவு செலவு என்று முந்தின நாளே கணிக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு வெயில் இறங்கும், விளக்கும் டிவியும் ஏசியும் ஏறும். அந்த இரண்டு மணி நேரம்தான் கண்டம். காற்றுக் காலமானால் கச்சான் கைகொடுக்கும். மற்ற மாதங்களில் பகல் வெயிலைச் சேமித்து வைத்திருக்க வேண்டும்.

சேமிக்க நம்மிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை, 400 மெகாவாட், 1980களின் கடைசியிலிருந்து வேலை செய்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழே ஆழியாற்றுப் பக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றும், தேவைப்படும்போது இறக்கி விடும். நான்கு யூனிட் போட்டால் மூன்று யூனிட் திரும்பும். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். சில மணி நேரத்துக்குப் பேட்டரி, சில நாளுக்கு அணை. ஆனால் ஜூலையின் காற்றை நவம்பருக்குச் சேமிக்க இரண்டாலும் ஆகாது. அதற்குத்தான் தொலைதூரக் கம்பியும், கரி நிலையங்களின் கடைசிக் கால உழைப்பும். எப்போதும் கொதித்துக்கொண்டிருக்க வேண்டாம், காற்றில்லாத வாரங்களில் மட்டும் எழுந்தால் போதும் என்ற நிலைக்கு அவை மெல்ல மாற வேண்டும். நாற்பது வயது தாண்டிய கொதிகலனுக்கு அப்படி ஏறி இறங்குவது சுலபமில்லை. குழாய்கள் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி நெளிந்து விரிசல் விடும். 210 மெகாவாட் அலகுகள் ஓய்வுக்குப் போகும் வரிசையில் முதலில் நிற்பது நியாயமே.

*

இனி கடலுக்குள் போவோம். நிலத்தைவிடக் கடலில் காற்று வலுவானது, சீரானது. மன்னார் வளைகுடாவில் காற்றாலைக்கு உகந்த பகுதிகளைத் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அடையாளம் கண்டிருக்கிறது. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல்காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட், குஜராத் கடலில் 500. அந்தப் பணத்தில் 600 கோடி, இரண்டு துறைமுகங்களை இந்த வேலைக்குத் தயார்செய்ய. 80 மீட்டருக்கும் நீளமான காற்றாலை இறக்கைகளைக் கப்பலேற்றிப் பழகிய துறைமுகம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். தெருவில் அந்த இறக்கையை ஏற்றிய டிரெய்லர் திரும்பும்போது, முன்சக்கரம் அடுத்த தெருவில் இருக்க, இறக்கையின் நுனி இன்னும் பழைய தெருவின் மேல் நீண்டிருக்கும்.

கடல் காலியிடம் இல்லை. முள்ளக்காட்டில் முதல் விசிறி சுழன்ற அதே 1986இல்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு தேய்ந்து தேய்ந்து கரைந்துவிடும் நிலைக்கு வந்தபின், செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காக்க வேண்டியிருந்தது. தூணை எங்கே நடுவது, கரைக்கு வரும் கேபிளை எந்த வழியில் புதைப்பது, தூண்களுக்கு நடுவே வலை விடலாமா என்பதையெல்லாம் கடலோடிகளைக் கேட்காமல் முடிவு செய்தால், அது எவ்வளவு தூய்மையான மின்சாரமானாலும் நான் அதன் பக்கம் நிற்க மாட்டேன்.

பொறியாளரின் வரைபடத்தில் ஆழக் கோடுகளும் காற்றின் வேகமும் இருக்கின்றன. மீனவரின் வரைபடம் தாளில் இல்லை. கரையில் தெரியும் ஒரு கோபுரத்தையும் ஒரு புகைபோக்கியையும் நேர்க்கோட்டில் வைத்து, வேறு பக்கத்தில் இன்னும் இரண்டை வைத்து, இரு கோடும் வெட்டும் இடத்தில் இன்ன பார் என்று சொல்வார்கள். தொள்ளாயிரம் பார் முதலாக ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, எந்தக் காற்றில் அங்கே போகலாம் என்ற கணக்கும் உண்டு. இதை எழுதும் நாள்வரை வளைகுடாவில் ஒரு தூணும் நடப்படவில்லை. அந்தப் பெயர்களைக் கேட்டு முதல் வரைபடத்தின் மேல் எழுதிக்கொள்ள இப்போது அவகாசம் இருக்கிறது.